உறையாத காந்தங்கள்: ஒரு பொருளைக் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று எப்போது சொல்லலாம்?

"குவாண்டம் ஸ்பின் திரவம் கிடைத்துவிட்டது" என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கிறது. பிறகு அதே பொருளைப் பற்றி வேறொரு குழு, "இதில் ஸ்பின் திரவம் இருப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதுகிறது. இரண்டையும் படித்தவருக்கு யாரோ ஒருவர் தவறாக அளந்துவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலான சமயங்களில் அப்படி இல்லை. இரண்டு குழுக்களின் அளவீடுகளும் சரியாகவே இருக்கும். அளவீட்டிலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் கால் இடறுகிறது.

ஒரு காந்தப் பொருளைக் குளிர்வித்து, அதில் ஒழுங்கு தோன்றவில்லை என்று காட்டிவிடலாம். ஏன் தோன்றவில்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஸ்பின் திரவம் அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆய்வுக் கட்டுரைகள் இந்தப் பொருள்களை "உத்தேசப் பொருள்கள்" என்ற அளவிலேயே பேசுகின்றன. செய்தித் தலைப்புகளில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான். இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

## ஸ்பின்கள் எப்படி ஒழுங்குக்கு வருகின்றன

ஒவ்வோர் எலக்ட்ரானும் மிகச் சிறிய காந்தம்போல நடந்துகொள்கிறது. அதற்குக் காரணமான பண்பு ஸ்பின். பாடநூல்கள் இதைத் தற்சுழற்சி என்கின்றன. ஆனால் எலக்ட்ரான் பம்பரம்போல உண்மையில் சுழல்வதில்லை. பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் இணை இணையாக அமைந்து, ஒன்றின் காந்தத்தை மற்றொன்று நீக்கிவிடுகின்றன. சில அயனிகளில் ஓர் எலக்ட்ரான் இணையின்றி எஞ்சுகிறது. இரண்டு நேர் மின்னூட்டம் கொண்ட தாமிர அயனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படிகத்தில் இத்தகைய அயனிகள் வரிசையாக அமைந்தால், ஒவ்வோர் இடத்திலும் அரை ஸ்பின் கொண்ட ஒரு காந்த ஊசி இருப்பதாகக் கொள்ளலாம்.

அண்டை ஊசிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. வெப்பநிலை அதிகமாக இருக்கும்போது வெப்பக் கிளர்ச்சி வெல்கிறது. ஊசிகள் தாறுமாறாகத் திரும்பியபடி இருக்கும். இது பாரா காந்த நிலை. குளிரக் குளிர ஊசிகளுக்கு இடையிலான விசை மேலோங்கி, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எல்லாம் ஒரு கோலத்துக்குள் உறைகின்றன. எல்லா ஊசிகளும் ஒரே திசையை நோக்கினால் ஃபெரோ காந்தம். அடுத்தடுத்த ஊசிகள் எதிரெதிர்த் திசைகளை நோக்கினால் எதிர்ஃபெரோ காந்தம். பின்னதை முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேயல். அதற்காக 1970-இல் நோபல் பரிசு பெற்றார். எதிரெதிர் ஊசிகள் வெளியே எந்தக் காந்தத்தையும் காட்டாதவை என்பதால், அந்தக் கோலத்தை நேரடியாகக் காண 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் மாங்கனீசு ஆக்சைடின்மீது நியூட்ரான்களைச் செலுத்தி அதைக் காட்டினார்கள்.

இங்கே வாயு, திடம், திரவம் என்ற உவமை உதவும். பாரா காந்தத்தில் ஊசிகள் வாயு அணுக்களைப் போல ஒன்றையொன்று பொருட்படுத்தாதவை. ஒழுங்கடைந்த காந்தம் திடப்பொருளைப் போன்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம்: ஊசிகள் ஒன்றோடொன்று வலுவாகத் தொடர்பு கொண்டிருக்கின்றன, ஆனாலும் தனிச்சுழி வெப்பநிலை (சுமார் மைனஸ் 273 பாகை செல்சியஸ்) வரை உறையவே இல்லை. அதுதான் ஸ்பின் திரவம். படிகம் கல்லைப்போலக் கெட்டியாகவே இருக்கும், எதுவும் ஒழுகாது. உறைய மறுப்பது ஸ்பின்களின் திசைகள் மட்டுமே. சாதாரண அழுத்தத்தில் ஹீலியம் எவ்வளவு குளிர்வித்தாலும் திடமாவதில்லை. அதன் அணுக்களின் குவாண்டம் அசைவே அதைத் தடுக்கிறது. இங்கேயும் அதே வகையான குவாண்டம் அசைவுதான் ஒழுங்கைக் குலைக்கிறது.

## முக்கோணம் தரும் நெருக்கடி

சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு ஊசிகளை வையுங்கள். மேல், கீழ், மேல், கீழ் என்று மாற்றி மாற்றி அமைத்தால் எல்லா அண்டை ஊசிகளும் எதிரெதிராக நிற்கும். எவருக்கும் குறையில்லை. இப்போது முக்கோணத்தின் மூன்று மூலைகளுக்கு வாருங்கள். முதல் ஊசி மேல், இரண்டாவது கீழ். மூன்றாவது? மேலே பார்த்தால் முதலாவதோடு முரண், கீழே பார்த்தால் இரண்டாவதோடு முரண். மூன்று பிணைப்புகளில் ஒன்று எப்படியும் கெட்டே தீரும். எல்லா விருப்பங்களையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாத இந்த நிலைக்குக் காந்த விரக்தி என்று பெயர்.

ஊசிகள் எந்தத் திசையிலும் திரும்பலாம் என்றால் ஒரு சமரசம் உண்டு: ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில் நிற்கலாம். ஆனால் அந்தச் சமரசத்தில் ஒவ்வொரு பிணைப்பும் பெறும் ஆற்றல் லாபம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

குவாண்டம் இயற்பியல் இன்னொரு வழியைத் திறக்கிறது. இரண்டு ஸ்பின்கள் "இது மேல், அது கீழ்" என்ற நிலையையும் "இது கீழ், அது மேல்" என்ற நிலையையும் சமமாகக் கலந்து ஓர் இணையாகிவிடலாம். இதைச் சிங்லெட் இணை என்கிறார்கள். இணையில் உள்ள எந்த ஸ்பினுக்கும் தனக்கென்று ஒரு திசை கிடையாது. இரண்டும் எதிரெதிர் என்பது மட்டும் உறுதி. இதில் கிடைக்கும் லாபம் பெரிது. பிணைப்பின் வலிமையை ஜே என்று குறித்தால், அரை ஸ்பின் ஊசிகள் இரண்டு வெறுமனே எதிரெதிராக நிற்கும்போது ஆற்றல் கால் ஜே குறைகிறது. சிங்லெட் இணையில் முக்கால் ஜே குறைகிறது. மூன்று மடங்கு லாபம். ஸ்பின் பெரிதானால் இந்தச் சலுகை சுருங்கிவிடும். 5/2 ஸ்பின்னில் அது 1.4 மடங்குதான். ஸ்பின் திரவத்தைத் தேடுவோர் அரை ஸ்பின் உள்ள அயனிகளையே நாடுவது இதனால்தான்.

சிங்லெட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒரு ஸ்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு துணையோடுதான் இணைய முடியும். மற்ற அண்டை ஸ்பின்களோடுள்ள பிணைப்புகள் வீணாகின்றன. ஆகவே ஒழுங்குக்கும் இணைகளுக்கும் இடையிலான போட்டி, அணிக்கோவையின், அதாவது அயனிகள் அமைந்திருக்கும் வலையின், வடிவத்தைப் பொறுத்தது. ஒரு ஸ்பின்னுக்கு எவ்வளவு ஆற்றல் லாபம் என்று தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இணைகளாகப் பிரிந்தால் எந்த அணிக்கோவையிலும் லாபம் 0.375 ஜே. ஊசிகளாக ஒழுங்கில் நின்றால்:

1. சதுர அணிக்கோவை: 0.5 ஜே. ஒழுங்கு தெளிவாக வெல்கிறது.
2. முக்கோண அணிக்கோவை: 120 பாகைச் சமரசத்தில் 0.375 ஜே. இரண்டும் சரிசமம்.
3. ககோமே அணிக்கோவை: 0.25 ஜே. இணைகள் முந்துகின்றன.

ககோமே என்பது மூலைகளை மட்டும் பகிர்ந்துகொள்ளும் முக்கோணங்களால் ஆன வலை; முக்கோணங்களுக்கு நடுவே அறுகோணத் துளைகள் இருக்கும். ஜப்பானியக் கூடை முடைவின் பெயர் அது. மேலே உள்ள எண்கள் முதல் மதிப்பீடு மட்டுமே. குவாண்டம் திருத்தங்கள் இரண்டு தரப்பின் ஆற்றலையுமே இன்னும் கீழே இறக்கும், அதாவது லாபத்தைக் கூட்டும். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்பதை இந்தச் சின்னக் கணக்கு பிசகாமல் காட்டிவிடுகிறது.

1973-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் இந்தச் சரிசமத்தைக் கண்டுதான் ஒரு துணிவான யோசனையை வைத்தார். முக்கோண அணிக்கோவையை இணைகளால் நிரப்ப எண்ணற்ற வழிகள் உள்ளன. இயற்கை ஏன் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? எல்லா வழிகளையும் ஒருங்கே கலந்த நிலையில் அது இருக்கலாமே என்றார் அவர். இணைகள் ஓரிடத்தில் நிலைக்காமல் படிகம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். வெகு தொலைவிலுள்ள ஸ்பின்களும் குவாண்டம் பின்னலால், அதாவது ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத தொடர்பால், கட்டுண்டிருக்கும். எளிய முக்கோண அணிக்கோவையில் 120 பாகை ஒழுங்கே வெல்கிறது என்று பின்னாளைய கணக்கீடுகள் காட்டின. ஆனால் அவர் வரைந்த நிலை உயிரோடு இருக்கிறது. 1987-இல் அவரே அதை உயர்வெப்ப மீக்கடத்திகளோடு (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களோடு) தொடர்புபடுத்தியபோது, ஓரமாகக் கிடந்த இந்தத் துறை முன்னுக்கு வந்தது.

## ஸ்பின் திரவத்தின் உண்மையான அடையாளம்

"ஒழுங்கில்லாதது" என்பது எதிர்மறை வரையறை. நேர்மறையான அடையாளம் ஒன்று உண்டு: அதில் எழும் கிளர்ச்சிகள் பின்னமானவை.

ஒரு நேர்கோட்டில் மேல், கீழ், மேல், கீழ் என்று நிற்கும் ஸ்பின்களை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒன்றைத் தலைகீழாக்குகிறோம். இப்போது மூன்று ஸ்பின்கள் அடுத்தடுத்து ஒரே திசையில் நிற்கின்றன; அதாவது இரண்டு இடங்களில் பிணைப்பு கெட்டிருக்கிறது. அண்டையில் இருக்கும் ஸ்பின்கள் இரண்டிரண்டாக இடம் மாற மாற, அந்த இரண்டு பிசகுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடிவிடலாம். இடைப்பட்ட பகுதி பழையபடி ஒழுங்காக இருப்பதால் விலகுவதற்குக் கூடுதல் ஆற்றல் தேவையில்லை. ஒரு ஸ்பின்னைத் திருப்பியதால் ஏற்பட்ட மாற்றம் 1. அது தலா 1/2 கொண்ட இரண்டு துகள்களாகப் பிரிந்துவிட்டது. இந்தத் துகளுக்கு ஸ்பினான் என்று பெயர். ஒற்றைச் சங்கிலியில் இது நிகழ்வது கோட்பாட்டிலும் சோதனையிலும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

இரண்டு, மூன்று பரிமாணங்களில் இந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. ஒழுங்கடைந்த காந்தத்தில் இரண்டு ஸ்பினான்களை விலக்கினால் இடையில் கெட்ட பிணைப்புகளின் வரிசை நீண்டுகொண்டே போகும். ஆற்றல் செலவு அவற்றை மீண்டும் ஒன்றாக இழுத்துவிடும். ஸ்பின் திரவத்தில் மட்டுமே அவை சுதந்திரமாகத் திரியலாம். ஆகவே, "இரண்டு அல்லது மூன்று பரிமாணப் பொருளில் தனித்துத் திரியும் ஸ்பினான்களைக் காட்டு" என்பதே உண்மையான தேர்வு.

## அளவீடுகள் எதைச் சொல்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன

ஓர் உத்தேசப் பொருள் ஆய்வகத்துக்கு வந்ததும் அதன்மீது நடக்கும் சோதனைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. காந்த ஏற்புத்திறன். வெளிக் காந்தப்புலத்துக்குப் பொருள் எவ்வளவு பணிகிறது என்று பல வெப்பநிலைகளில் அளக்கிறார்கள். அதன் தலைகீழி உயர் வெப்பநிலையில் ஒரு நேர்கோடாக வரும். கோட்டை நீட்டினால் அது வெப்பநிலை அச்சைத் தொடும் இடம் கியூரி-வீஸ் வெப்பநிலை. எதிர்ஃபெரோ காந்தத்தில் இது எதிர்மறை எண். அதன் அளவு பிணைப்பின் வலிமையைக் காட்டும். சாதாரணக் காந்தம் அதே அளவை ஒட்டிய வெப்பநிலையில் ஒழுங்கடைந்துவிடும். எண் 300 கெல்வினாக இருந்தும் 0.05 கெல்வின் வரை ஒழுங்கு வரவில்லை என்றால், இரண்டின் விகிதம் 6000. விகிதம் 10-ஐத் தாண்டினாலே வலுவான விரக்தி என்பது வழக்கம். ஆனால் இந்த எண் விரக்தியை மட்டுமே அளக்கிறது.

2. தன்வெப்பம். ஒழுங்கு பிறக்கும் வெப்பநிலையில் தன்வெப்பத்தில் கூர்மையான முகடு தோன்றும். முகடு இல்லாவிட்டால் ஒழுங்கு இல்லை என்று கொள்ளலாம். தாழ் வெப்பநிலையில் எஞ்சும் தன்வெப்பம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து உள்ளே எந்த வகைத் துகள் இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். இதில் ஓர் ஆபத்து: அணுக்கருக்களும் மாசு ஸ்பின்களும் அதே வெப்பநிலையில் தங்கள் பங்கைச் சேர்த்துவிடும்.

3. மியூவான் சோதனை. மியூவான் என்பது எலக்ட்ரானைவிடக் கனமான, விரைவில் சிதையும் துகள். ஏறத்தாழ முழுவதும் ஒரே திசையில் ஸ்பின் கொண்ட மியூவான்களைப் பொருளுக்குள் செலுத்துகிறார்கள். சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் அவை சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், மியூவானின் ஸ்பின் எப்பக்கம் இருந்தது என்று சொல்லிவிடும். உள்ளே உறைந்த காந்தப்புலம் இருந்தால், அது மிகச் சிறியதானாலும், இங்கே தெரியும். உறைவு இல்லை என்பதற்கு இதைவிடக் கூரிய சோதனைகள் அரிது.

4. நியூட்ரான் சிதறல். சாதாரணக் காந்தத்தில் நியூட்ரான் ஓர் அலையை எழுப்பும்; குறிப்பிட்ட உந்தத்துக்குக் குறிப்பிட்ட ஆற்றல் என்று கூர்மையான கோடு கிடைக்கும். ஸ்பின் திரவத்தில் நியூட்ரான் தரும் ஆற்றலை இரண்டு ஸ்பினான்கள் எந்த விகிதத்திலும் பங்கிட்டுக்கொள்ளலாம். கோடு கரைந்து, பரந்த தொடர்ச்சியாக மாறும். செய்திகளில் பெரும்பாலும் "ஆதாரம்" என்று குறிப்பிடப்படுவது இதுதான்.

5. வெப்பக் கடத்துத்திறன். ஸ்பினான்கள் திரிவது உண்மையானால் அவை வெப்பத்தைச் சுமந்து செல்ல வேண்டும். அசையாத மாசு ஸ்பின்கள் வெப்பத்தைக் கடத்தமாட்டா. என் பார்வையில் மிக நேர்மையான தேர்வு இதுவே, ஏனென்றால் இது ஒன்றின் இல்லாமையைத் தேடுவதில்லை, இருப்பதைத் தேடுகிறது.

## ஒழுங்கின்மை எப்படி வேடமிடுகிறது

2015-ஐ ஒட்டி இட்டர்பியம், மெக்னீசியம், காலியம் சேர்ந்த ஓர் ஆக்சைடு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. இட்டர்பியம் அயனிகள் பிசகில்லாத முக்கோண அணிக்கோவையில் அமைந்திருந்தன. காந்த அடுக்குக்குள் மாசு ஏதும் இல்லை. ஒழுங்கு தோன்றவில்லை. 2016-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே நியூட்ரான் சோதனை செய்து பரந்த தொடர்ச்சியைக் கண்டன. எல்லாம் பொருந்தி வந்தன.

பிறகு வெப்பக் கடத்துத்திறனை அளந்தார்கள். ஸ்பின்கள் சுமந்த வெப்பம் என்று சொல்லத்தக்க பங்கு எதுவும் இல்லை. கவனம் காந்தமில்லாத அடுக்குகளின் பக்கம் திரும்பியது. அங்கே மெக்னீசியமும் காலியமும் ஒரே வகை இடங்களைப் பாதிக்குப் பாதியாக, எந்த ஒழுங்குமில்லாமல் நிரப்பியிருந்தன. இரண்டின் மின்னூட்டமும் வேறு. ஆகவே ஒவ்வோர் இட்டர்பியம் அயனியும் சற்றே வேறுபட்ட மின்சூழலை உணர்கிறது. பிணைப்புகளின் வலிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. வலிமை சிதறிக் கிடந்தால் நியூட்ரான் காட்டும் கோடும் சிதறிப் பரந்துவிடும். ஸ்பினான் இல்லாமலேயே தொடர்ச்சி கிடைத்துவிடும் என்பதைக் கணக்கீடுகள் காட்டின. 2018-இல், 0.1 கெல்வினை ஒட்டி ஸ்பின்கள் தாறுமாறான திசைகளிலேயே உறைவதற்கான அறிகுறியும் வெளியானது. அதற்கு ஸ்பின் கண்ணாடி என்று பெயர். கண்ணாடியும் திரவமும் ஒரு கணப்பொழுதில் எடுத்த படத்தில் ஒரேபோல இருக்கும். ஒன்று உறைந்தது, மற்றது உறையாதது.

முதல் சோதனைகள் எதுவும் பிழையில்லை என்பதை மறக்கக் கூடாது. காந்த அடுக்கில் மாசு இல்லை என்பது உண்மை. தொடர்ச்சியும் உண்மை. மாசு அடுத்த அடுக்கில் ஒளிந்திருந்தது.

கரிமப் படிகங்களின் கதை வேறு விதமானது. பல்லேடியம் அணுவைச் சுற்றிய மூலக்கூறுகளாலான ஒரு படிகத்தில், தனிச்சுழியை நெருங்கும்போதும் ஸ்பின்கள் வெப்பத்தைக் கடத்துவதாக 2010-இல் ஜப்பானியக் குழு அறிவித்தது. மேலே சொன்ன ஐந்தாவது தேர்வில் தேறிய பொருள் அது. 2019-இல் கனடாவிலும் சீனாவிலும் இரண்டு குழுக்கள் அதே பொருளை அளந்தபோது அந்தப் பங்கைக் காணவில்லை. மாதிரியை எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறோம் என்பதே முடிவை மாற்றுகிறது என்ற விளக்கம் பின்னர் வந்தது. தாமிரமும் சயனைடும் கொண்ட இன்னொரு கரிமப் படிகம் 2003 முதல் முன்னணியில் இருந்தது. 250 கெல்வின் அளவு பிணைப்பு இருந்தும் 32 மில்லிகெல்வின் வரை ஒழுங்கில்லை. அதில் 6 கெல்வினில் ஏதோ நடக்கிறது என்று பல அளவீடுகள் காட்டிவந்தன. 2021-இல் வெளியான எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு அளவீடு, அந்த வெப்பநிலைக்குக் கீழே ஸ்பின்கள் இணைகளாகி, கிளர்ச்சிக்கு ஆற்றல் இடைவெளி திறப்பதை, அதாவது கிளர்ச்சியை எழுப்பக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவைப்படுவதை, காட்டியது. ஆண்டர்சனின் இணைகள் இருக்கின்றன. ஆனால் மாறிக்கொண்டே இராமல் அவரவர் இடத்தில் உறைந்துவிட்டன.

## அறுகோண வலையும் கிட்டயேவ் வழியும்

முக்கோணம் இல்லாமலும் விரக்தியை உண்டாக்கலாம். 2006-இல் இயற்பியலாளர் அலெக்ஸி கிட்டயேவ், தேன்கூட்டு வடிவ அணிக்கோவையில் ஒரு மாதிரியைத் தந்தார். அதில் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் மூன்று அண்டை ஸ்பின்கள். முதல் பிணைப்பு ஸ்பின்களை ஓர் அச்சில் நிற்கச் சொல்கிறது. இரண்டாவது அதற்குச் செங்குத்தான அச்சில். மூன்றாவது இரண்டுக்கும் செங்குத்தான அச்சில். மூன்று கட்டளைகளுக்கும் ஒரு ஸ்பின் பணிய முடியாது. இந்த மாதிரியைத் தோராயமே இல்லாமல் தீர்க்க முடியும், விடை ஸ்பின் திரவம். இத்துறையில் இவ்வளவு உறுதியான விடை கிடைப்பது அரிது என்பதால்தான் பலரும் இதன்பால் ஈர்க்கப்பட்டார்கள். இத்தகைய பிணைப்புகள் கனமான தனிமங்களின் சேர்மங்களில் அமையலாம் என்று இயற்பியலாளர்கள் ஜக்கேலியும் கலியூலினும் 2009-இல் காட்டினார்கள்.

அந்த வழியில் மிகுதியாக ஆராயப்பட்டது ஆல்ஃபா ருத்தீனியம் டிரைகுளோரைடு. ஆனால் அது 7 கெல்வினில் ஒழுங்கடைந்துவிடுகிறது. அதாவது, புலம் இல்லாதபோது அது ஸ்பின் திரவமே இல்லை. அடுக்கின் தளத்தில் 7 அல்லது 8 டெஸ்லா காந்தப்புலம் செலுத்தினால் ஒழுங்கு மறைகிறது. மறைந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. 2018-இல் ஜப்பானியக் குழு ஒன்று வெப்ப ஹால் விளைவை அளந்தது: வெப்பம் பாயும் திசைக்குக் குறுக்கே வெப்பநிலை வேறுபாடு தோன்றுவதுதான் அந்த விளைவு. அளவு, இயற்கை விதித்த அடிப்படை அலகில் சரிபாதியாக இருந்தது. கிட்டயேவ் திரவத்தில் ஸ்பின்கள் மயோரானா துகள்களாக (தமக்குத் தாமே எதிர்த்துகளானவையாக) பிரிவதால் இந்தப் பாதி கிடைக்க வேண்டும் என்று கோட்பாடு முன்பே சொல்லியிருந்தது. துறையே அதிர்ந்தது.

ஆனால் அந்தப் பாதி எல்லா மாதிரிகளிலும் கிடைக்கவில்லை. இந்தப் படிகத்தின் அடுக்குகள் எளிதில் வழுக்கி விலகும். அடுக்கு பிசகிய மாதிரிகளில் ஒழுங்கு வெப்பநிலைகூட 7-க்குப் பதிலாக 14 கெல்வின் என்று காட்டும். படிக அதிர்வுகளான ஃபோனான்களும் குறுக்கு வெப்பத்தைத் தரக்கூடியவை. சரிபாதி என்பது ஒரு துல்லிய எண். துல்லியமாக வேறு எதுவும் அதைத் தராது என்ற வாதம் வலுவானது. ஒரே பொருளின் வேறு மாதிரிகள் வேறு எண்ணைத் தருகின்றன என்ற எதிர்வாதமும் அதே அளவு வலுவானது.

## ஒரு செய்தியைப் படிக்கும்போது

1. எந்த வெப்பநிலை வரை அளந்தார்கள், பிணைப்பின் வலிமை எவ்வளவு? பிணைப்பே 4 கெல்வின் என்றால் 0.1 கெல்வின் வரை ஒழுங்கில்லாதது பெரிய செய்தியாகாது.
2. எந்த அணு எந்த இடத்தில் இருக்கிறது என்று சரிபார்த்தார்களா? காந்தமில்லாத அடுக்குகளும் இதில் சேரும்.
3. நியூட்ரான் தொடர்ச்சி மட்டும்தானா, வெப்பக் கடத்தலும் அளக்கப்பட்டதா?
4. வேறு ஆய்வகம் வளர்த்த மாதிரியில் அதே முடிவு கிடைத்ததா?

நான்காவது கேள்விக்கு முதல் செய்தியில் விடை இருக்காது. அதற்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

குவாண்டம் கணினி பற்றியும் இத்தகைய செய்திகளில் ஒரு வரி வரும். சில வகை ஸ்பின் திரவங்களில் தகவலைப் படிகம் முழுவதும் பரவிய பின்னலில் பதிக்க முடியும் என்பதால், ஓரிடத்துக் கோளாறு அதை அழிக்காது. கருத்தளவில் இது சரி. 2021-இல் ஹார்வர்டு குழு லேசர் ஒளியால் பிடித்து நிறுத்திய 219 ருபிடியம் அணுக்களை வைத்து அந்த வகை நிலையின் அறிகுறிகளைக் காட்டியது. ஆனால் அது செயற்கையாக அடுக்கிய அமைப்பு. தாதுப் படிகத்தில் ஸ்பினானைத் தனியே பிடித்து நகர்த்தும் வழி இன்னும் கைவரவில்லை.

## ஹெர்பர்ட்ஸ்மித்தைட்: மீதமிருக்கும் கேள்வி

மேலே சொன்ன தேர்வுகளை நெடுங்காலமாகத் தாங்கி நிற்கும் ஒரு பொருள் ஹெர்பர்ட்ஸ்மித்தைட். சிலி நாட்டில் கிடைத்த பச்சை நிறத் தாது. பிரிட்டிஷ் கனிமவியலாளர் ஹெர்பர்ட் ஸ்மித்தின் பெயரை 2004-இல் பெற்றது. தாமிர அயனிகள் ககோமே வலைகளாக அமைந்திருக்க, துத்தநாக அயனிகள் அந்த அடுக்குகளைப் பிரித்து வைக்கின்றன. 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இதன் தூய வடிவத்தை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். கியூரி-வீஸ் வெப்பநிலை 300 கெல்வினை ஒட்டியது; 2007-இல் 50 மில்லிகெல்வின் வரை அளந்தும் ஒழுங்கில்லை. முன்பு எடுத்துக்காட்டிய 6000 என்ற விகிதம் இந்தப் பொருளுடையது. நியூட்ரான் சோதனைக்குப் போதுமான ஒற்றைப் படிகத்தை வளர்க்க முதன்முறை பத்து மாதங்கள் ஆயின. 2012-இல் அந்தப் படிகத்தில் பரந்த தொடர்ச்சி தெரிந்தது.

இங்கும் மாசு உண்டு. துத்தநாகமும் தாமிரமும் அளவில் ஏறத்தாழ ஒன்று என்பதால், துத்தநாகம் இருக்க வேண்டிய இடங்களில் சுமார் 15 விழுக்காட்டில் தாமிரம் புகுந்துவிடுகிறது. ஆறுதலான செய்தி, ககோமே வலைக்குள் துத்தநாகம் ஏறக்குறைய நுழைவதே இல்லை. வலை பிழைத்தது, அடுக்குகளுக்கு நடுவே மட்டும் தனித்த தாமிர ஸ்பின்கள் சிதறிக் கிடக்கின்றன.

இது எந்த வகை ஸ்பின் திரவம் என்று கேட்டால்தான் அந்த 15 விழுக்காடு கழுத்தைப் பிடிக்கிறது. ஸ்பினான்களை எழுப்பக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவையா, அல்லது எவ்வளவு சிறிய ஆற்றலும் போதுமா? ஆற்றல் இடைவெளி இருந்தால் அது ஒரு குடும்பம். இல்லாவிட்டால் முற்றிலும் வேறு குடும்பம். 2011-இல் நடந்த பெரிய கணினிக் கணக்கீடு ககோமேயில் இடைவெளி உண்டு என்றது. 2017-இல் வேறு முறையில் செய்த கணக்கீடு, இடைவெளி இல்லாத நிலையின் பக்கம் சாய்ந்தது. சோதனையிலும் அதே பிளவு: 2015-இல் ஆக்சிஜன் அணுக்கரு ஒத்ததிர்வை அளந்தவர்கள் இடைவெளி இருப்பதாகச் சொன்னார்கள், 2020-இல் அதே முறையால் அளந்த இன்னொரு குழு இல்லை என்றது.

இதன் பிணைப்பு வலிமை ஏறத்தாழ 17 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இருப்பதாகச் சொல்லப்படும் இடைவெளி அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. அடுக்குகளுக்கு நடுவே சிதறிய தாமிர ஸ்பின்கள் நியூட்ரானுக்குத் தரும் சைகையும் சரியாக அந்த ஆற்றலுக்குக் கீழேதான் குவிந்திருக்கிறது. இடைவெளி உண்டா என்று தெரிய மாசின் பங்கைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்று தெரிய, மாசு ஸ்பின்கள் தங்களுக்குள் எப்படித் தொடர்பு கொள்கின்றன என்று ஒரு மாதிரியை முன்கூட்டியே கொள்ள வேண்டும். துத்தநாகத்தின் இடத்தில் தாமிரம் குறைவாகப் புகும் உறவினச் சேர்மமான துத்தநாக பார்லோவைட்டின் படிகங்களைச் சில ஆய்வகங்கள் இப்போது வளர்த்து வருவது, இந்தக் கழித்தலின் அளவைச் சிறிதாக்குவதற்காகத்தான்.